கிளே பார்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் காற்றில் சொரசொரத்த கார் பெயிண்டைச் சுத்தம் செய்யும் முழு வழிகாட்டி

காரைக் கழுவித் துடைத்து நிறுத்தினால் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் பானட்டை விரல் நுனியால் தடவிப் பார்த்தால் நறநறவென்று நெருடும். அந்த நெருடலை எடுப்பதுதான் கிளே பாரின் வேலை. ஷாம்புக்கும் தண்ணீருக்கும் அசையாமல் பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் துகள், தார், காய்ந்த மரப்பிசின், பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஸ்பிரே அடித்தபோது பறந்து வந்த பெயிண்ட் துளி போன்றவற்றைப் பிடித்து இழுத்துவிடும். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. கீறல் போகாது, வெயிலில் மங்கிய நிறம் திரும்பாது.

பேர்தான் கிளே, உள்ளே மண் கிடையாது. ரப்பர் போல் இழுபடும் செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகளைப் போட்டுப் பிசைந்த கட்டி அது. 1995இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஜப்பானியர் டடாவோ கொடாட்டே, வளையக்கூடிய சாணைக்கல் என்றுதான் இதைப் பதிவு செய்தார். சாணைக்கல் என்றால் தேய்க்கத்தான் செய்யும். பெயிண்டின் மேல் இருக்கும் நிறமில்லாத காப்புப் படலமான கிளியர் கோட்டோ சுமார் 40 மைக்ரான் கனம்தான். ஆகவே கிளே அதன்மேல் ஓடும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. முக்கால்வாசி அழுக்கைத் தண்ணீரும் ரசாயனமும் எடுத்துவிட வேண்டும். மிச்சம் மீதிக்குத்தான் கிளே. கழுவியவுடன் நேராகக் கிளேயை எடுத்துத் தேய்ப்பவர்களின் கறுப்புக் கார்களில்தான் வலை வலையாகக் கோடு தெரிகிறது.

உங்கள் வண்டியில் படிவது எது?

டர்பனுக்கு வடக்கே டொங்காட், வெருலம், ஸ்டேங்கர் பக்கம் இருப்பவர்களுக்குக் கரும்புச் சாம்பல் தெரியாமல் இருக்காது. ஆலை ஓடும் காலம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை. வெட்டுக்கு முன் தோட்டத்துக்குத் தீ வைப்பதால் நீள நீளமான கருஞ்சாம்பல் பறந்து வந்து கொடியில் காயும் துணியிலும் வண்டியிலும் விழுகிறது. இது கிளேக்கான அழுக்கே இல்லை. கரும்புச் சாம்பலில் சிலிக்கா நிறைய. காய்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ தட்டிவிட்டால் போகிற போக்கில் கீறிவிட்டுத்தான் போகும். கையே வைக்காமல் முதலில் தண்ணீரை ஓட விடுங்கள். கடல் உப்பும் அப்படித்தான், தண்ணீரில் கரைந்து போய்விடும். ஆனால் உப்பைப் பல நாள் விட்டுவைத்தால், ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

தெற்கே மெரிபேங்க், வென்ட்வொர்த், இசிபிங்கோ, துறைமுகச் சாலை என்றால் கதை வேறு. ரயில் சக்கரம் தண்டவாளத்தில் உரசும்போதும், லாரி பிரேக் தேயும்போதும், பட்டறையில் கிரைண்டர் ஓடும்போதும் சூடான இரும்புப் பொடி தெறிக்கிறது. அது பெயிண்டில் பதிந்து, ஈரம் பட்டுத் துருவாகி, கீழ்ப்பக்கம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இங்கே ஓடுபவற்றில் வெள்ளை வண்டியே அதிகம் என்பதால் கதவின் கீழ்ப்பாதியிலும் டிக்கியிலும் குண்டூசி முனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். தகரமே துருப்பிடிக்கிறது என்று பயந்து பெயிண்டரிடம் ஓட வேண்டாம். பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த இரும்புதான். ஸ்டேஷன் வாசலில் நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு இது சர்வ சாதாரணம்.

முற்றத்து மாமரத்தின் அடியில் நிறுத்தினால் பிசினும், பூச்சிகள் விடும் தேன்போன்ற துளியும் விழும். புதிதாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே போய்விடும். காய்ந்து கண்ணாடி மணியாக இறுகிய பிசினுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியை ஒரு நிமிடம் மேலே வைத்து ஊறவிட வேண்டும்.

ஹடீடா பறவையின் எச்சம் வெயிலில் கிடந்து பெயிண்டை அரித்துப் பள்ளமாக்கியிருந்தால் அதைக் கிளேயால் ஒன்றும் செய்ய முடியாது, பாலிஷ்தான் வழி. பூஜை போட்ட வண்டிக்கும் இதே கணக்கு. எலுமிச்சைச் சாறு வழிந்து வெயிலில் காய்ந்தால் அமிலம் அரித்த தடம் விழலாம், அதுவும் கிளேக்கு அடங்காது. கோயிலிலிருந்து வந்த அன்று சாயங்காலமே பானட்டில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். சந்தனம் காய்ந்திருந்தால் சுரண்டாமல் நனைத்து எடுக்க வேண்டும். வெள்ளைப் பெயிண்டில் மஞ்சள்தூள் கறை நின்றுவிட்டாலும் கவலை வேண்டாம், சில நாள் வெயிலில் தானே வெளுத்துவிடும்.

பிளாஸ்டிக் பை சோதனை

கிளே தேவையா என்று முடிவு செய்ய நாட்காட்டி வேண்டாம், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பை போதும். ரொட்டிப் பையானாலும் சரி. கழுவிய வண்டியில், ஈரம் இருக்கும்போதே, பைக்குள் கையை விட்டு விரல்களால் லேசாகத் தடவுங்கள். தோலுக்கு எட்டாத நெருடலும் பை வழியாக நன்றாகத் தெரியும். கூரை, பானட், டிக்கி, கதவின் கீழ்ப்பாதி என்று தனித்தனியாகப் பாருங்கள். பல வண்டிகளில் கதவின் மேல்பாதி வழவழப்பாகவே இருக்கும். அங்கே கிளே போடத் தேவையே இல்லை. நெருடுகிற பேனலுக்கு மட்டும் போட்டால் போதும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

தொழிற்சாலை, ரயில் பக்கம் நிற்கும் வண்டிக்கு வருடத்துக்கு இரண்டு தடவை தேவைப்படலாம். கராஜில் தூங்கும் வண்டிக்கு ஒரு தடவையே அதிகம்.

என்னென்ன வேண்டும்

ஃபைன் ரக கிளே 100 கிராம். ஒரு செடான் காருக்கு இது தாராளம். மீடியம், ஹெவி ரகங்கள் பக்கி (பிக்கப்) வண்டியின் பின்தொட்டிப் பக்கம், பெயிண்ட் ஸ்பிரே தூறல் விழுந்த பேனல் போன்ற மோசமான கேஸ்களுக்கு. அவற்றைப் போட்டால் பின்னால் பாலிஷ் போட்டே ஆக வேண்டும். மெஷின் பாலிஷ் கையில் இல்லாதவர் ஹெவி கிளேயைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

கிளே வழுக்கி ஓட லூப்ரிகண்ட் ஒரு லிட்டர். கிட்டுடன் வரும் சின்ன பாட்டில் பாதி வண்டிக்குக்கூட வராது. வீட்டில் கலப்பதென்றால், கழுவி அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் 15 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். சிக்கனமும் இதுதான், வழுக்கலும் நன்றாக இருக்கும். அது இல்லையென்றால் மெழுகு சேராத கார் ஷாம்பு 5 மில்லி ஒரு லிட்டருக்கு. ஆனால் சில கிளேக்கள் சோப்பில் இளகி நொறுங்கும். உறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். வெறும் தண்ணீரிலேயே ஓடும்படி செய்த கிளேயும் உண்டு, பில்ட் ஹேம்பர் அந்த ரகம். மற்ற கம்பெனிக் கட்டியை வெறும் தண்ணீரில் ஓட்டினால் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு அப்பிவிடும்.

அயர்ன் ரிமூவர் 500 மில்லி, தார் ரிமூவர் ஒரு சின்ன டின், நைட்ரைல் கையுறை, 10 லிட்டர் வாளி இரண்டு, மைக்ரோஃபைபர் கையுறை, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி ஐந்தாறு, டார்ச். கடைசியில் பூச மெழுகோ, சீலண்ட் என்கிற செயற்கைக் காப்புப் பூச்சோ. தண்ணீர் வெட்டுக்குப் பயந்து ஜோஜோ பிளாஸ்டிக் டேங்கில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருப்பவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், சுண்ணாம்புத் தடம் விழாது. ஆனால் கரும்புச் சீசனில் கூரைச் சாம்பலெல்லாம் அந்த டேங்குக்குள்தான் போகும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டாமல் வாளியில் ஊற்றாதீர்கள்.

இடமும் நேரமும்

பேனல் குளிர்ந்திருக்க வேண்டும். புறங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. நமக்குச் சூரியன் வடக்கே ஓடுவதால் வீட்டுச் சுவரின் தென்புறத்தில்தான் நிழல் நிற்கும். குளிர்காலத்தில் நாள் முழுக்கவே அங்கே வேலை செய்யலாம். டிசம்பர், ஜனவரியில் உச்சி வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேராக இறங்கும், சுவர் உதவாது. அப்போது காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று அடிக்கும் நாளில் தொடவே வேண்டாம். ஸ்பிரே அடித்த லூப்ரிகண்ட் கிளே போவதற்குள் காய்ந்துவிடும், காற்றோடு வரும் மண்ணும் நடுவில் மாட்டும்.

மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் கழுவல்

வண்டியை மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டு நனையுங்கள். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. சாலை மண் ஒரு துகள் இருந்தாலும் போதும், கிளேயில் ஏறி உட்கார்ந்து வண்டி முழுக்கக் கோடு போடும். எனவே இந்தக் கட்டத்தில் அவசரம் ஆகாது. கதவு இடுக்கு, நம்பர் பிளேட் ஓரம், கண்ணாடி அடிப்பக்கம் எல்லாம் அலசுங்கள். பின்னால் கிளே அந்த ஓரங்களைத்தான் உரசிக்கொண்டு போகும்.

இரும்பும் தாரும்

அலசிய வண்டியின் மேல் அயர்ன் ரிமூவரை அடியுங்கள். தையோகிளைகோலேட் வகை உப்பு அதில் இருக்கிறது. இரும்பைச் சந்தித்தால் ஊதா நிறமாகி வழியும். அழுகிய முட்டை நாற்றம் வரும், அது இயல்பு. கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமாக இருக்கும் பக்கம் நில்லுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் விடலாம். காய விடக் கூடாது. கதவின் கீழ்ப்பாதியில் ஊதா ஆறாக ஓடுவதும் கூரையில் ஒன்றுமே தெரியாததும் சகஜம். எங்கே இரும்பு இருக்கிறது என்ற வரைபடம் இதுவே. நிறைய ஊதா வந்த பேனலுக்கு அலசிவிட்டு இன்னொரு தடவை அடியுங்கள்.

இந்தப் படியைத் தாண்டிப் போனால் என்ன ஆகும்? கிளே இரும்புத் துகளின் தலையை மட்டும் சீவிவிடும். கை தடவினால் வழவழப்பு. வேர் உள்ளேயே கிடந்து, கொஞ்ச நாளில் அதே இடத்தில் ஆரஞ்சுப் புள்ளி மறுபடி எட்டிப் பார்க்கும். போதாததற்கு, சீவிய இரும்பு கிளேயில் பதிந்து அடுத்த பேனலைக் கீறும்.

தாருக்கு, தார் ரிமூவரைத் துணியில் நனைத்துப் புள்ளியின் மேல் வைத்து முப்பது வினாடி பொறுத்துத் துடைக்க வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதியைக் குனிந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெட்ரோல் வேண்டாம். முடிந்ததும் எண்ணெய்ப் பசை போக மறுபடி ஷாம்பு போட்டு அலசுங்கள்.

பிறகு இன்னொரு முறை பை சோதனை. நெருடல் போய்விட்டதா? அந்தப் பேனலைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

கிளே போடும் முறை

100 கிராம் கட்டியை மூன்றாக வெட்டுங்கள். ஒன்று மேல்பகுதிக்கு, ஒன்று கீழ்ப்பகுதிக்கு, ஒன்று கையிருப்பு. கீழே விழுந்தால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். கழுவி எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிசினுக்குள் புதைந்த மண் வெளியே வராது. மூன்றாக வெட்டச் சொல்வதே இதற்காகத்தான்.

ஒரு துண்டைக் கையில் பிசைந்து, நடுவிரல் மூன்றும் உட்காரும் அகலத்துக்கு, அரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டையாக்குங்கள். சப்பாத்தி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். ஜூலைக் குளிரில் விறைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம். பிப்ரவரிப் புழுக்கத்தில் இளகிக் கையில் ஒட்டினால் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுங்கள்.

ஒரு நேரத்தில் 50 சென்டிமீட்டர் சதுரம், அதற்கு மேல் போகாதீர்கள். அந்த இடத்தில் நாலைந்து ஸ்பிரே, கிளேயின் முகத்தில் ஒரு ஸ்பிரே. பேனல் ஈரமாக இருந்தால் போதாது, லூப்ரிகண்ட் அதன்மேல் தேங்கி நிற்க வேண்டும். கிளேயை வைத்து, விரல்களின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல், நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வட்டம் போட வேண்டாம். ஏதாவது கோடு விழுந்தாலும் நேர்கோடாக இருந்தால் பாலிஷில் எடுப்பது சுலபம், கண்ணுக்கும் குறைவாகத் தெரியும்.

காதையும் பயன்படுத்துங்கள். முதல் இரண்டு மூன்று ஓட்டத்தில் மெல்லிய கரகர சத்தம் வரும், கையில் ஒரு பிடிப்பு தெரியும். அழுக்கு விடுபட விடுபட சத்தம் அடங்கி கிளே சறுக்கத் தொடங்கும். சறுக்கியதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஓட்டுவது பெயிண்டைத் தேய்ப்பதுதான். பத்து ஓட்டத்துக்குப் பிறகும் கரகரத்தால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். அங்கே தாரோ இரும்போ மிச்சம் இருக்கிறது, ரசாயனத்துக்குத் திரும்பிப் போங்கள். சத்தமே வராமல் கிளே பிடித்து இழுத்தால் லூப்ரிகண்ட் போதவில்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு சதுரமும் முடிந்ததும் கிளேயைப் புரட்டிப் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ கறை ஏறியிருக்கும். அழுக்கு முகத்தை உள்ளே மடித்துப் பிசைந்து புது முகம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் மடித்தாலும் கறை தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் அந்தத் துண்டை மாற்ற வேண்டியதுதான். பழைய காலத்து வண்டியில், கிளியர் கோட் இல்லாத பெயிண்டாக இருந்தால், வண்டியின் நிறமே கிளேயில் ஏறும். பயப்பட வேண்டாம், மேலே செத்துப்போன பெயிண்ட் படலம் வருகிறது.

சதுரம் முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வரிசை: கூரை, பானட், டிக்கி, கதவு மேல்பாதி, துண்டை மாற்றிய பின் கதவு கீழ்ப்பாதி, பம்பர், கடைசியில் கதவுக்கு அடியில் இருக்கும் ஓரம். முன்கண்ணாடிக்கும் போடலாம். வைப்பர் தடதடவென்று துள்ளுவது பலநேரம் கண்ணாடியில் ஒட்டிய பிசுக்கால்தான், கிளே அதை அழகாக எடுக்கும். அதற்கென்று தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேட் பெயிண்டில் கிளே வேண்டவே வேண்டாம். தேய்த்த இடம் மட்டும் பளபளத்து அசிங்கமாகத் தெரியும், திரும்ப மேட் ஆக்க முடியாது. பெயிண்ட் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக்கும் வேண்டாம், சுருக்கத்தில் கிளே புகுந்து வெள்ளையாகக் காயும். புதிதாக ஸ்பிரே அடித்த பேனல் என்றால் குறைந்தது 30 நாள் பொறுத்து, அடித்தவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். செராமிக் கோட்டிங் போட்டிருந்தால் அயர்ன் ரிமூவரோடு நிறுத்துவது நல்லது, கிளே கோட்டிங்கின் ஆயுளைக் குறைக்கும்.

தவறினால்

கிளே போட்ட இடத்தில் மங்கலான படலம் தெரிந்தால் அது பெரும்பாலும் லூப்ரிகண்ட் காய்ந்த தடம். ஈரத்துணியில் போய்விடும். போகவில்லை, டார்ச் வெளிச்சத்தில் மெல்லிய நேர்கோடுகளாகத் தெரிகிறது என்றால் கிளேயே தேய்த்த தடம். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் ஃபைன் கிளேயும் இதைச் செய்யலாம். அதனால்தான் கறுப்பு வண்டிக்காரர் முதலில் டிக்கியின் ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போக வேண்டும். ஃபினிஷிங் பாலிஷ் ஒரு தடவை போட்டால் சரியாகும்.

கிளே அப்பி ஒட்டிக்கொண்டதா? பேனல் சூடாக இருந்திருக்கும். நகத்தால் சுரண்டாதீர்கள். லூப்ரிகண்ட் நிறைய அடித்து, கையிலிருக்கும் கிளேயாலேயே ஒற்றி ஒற்றி எடுங்கள். மீதி பிசுக்குக்குத் தார் ரிமூவர் தொட்ட துணி.

வழவழப்பாகிவிட்டது, ஆனால் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் போகவில்லை என்றால் அது போர் தண்ணீர் காய்ந்த சுண்ணாம்பு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துவிட்டு நன்றாக அலசுங்கள். அதற்கும் மசியாதது பெயிண்டுக்குள் இறங்கிவிட்ட தடம்.

பிறகு

கிளே ஓடிய இடத்தில் பழைய மெழுகும் பெரும்பகுதி போயிருக்கும். வண்டியை மறுபடி கழுவித் துடைத்து, பாலிஷ் தேவையென்றால் போட்டு, அன்றைக்கே மெழுகோ சீலண்டோ மெல்லியதாகப் பூசிவிடுங்கள். கடற்கரைக் காற்றில் வெறும் பெயிண்டோடு ராத்திரி நிறுத்தி வைத்தால் செய்த வேலையில் பாதி வீண். கடல் பக்கம் இருப்பவர்களுக்குச் சீலண்ட் மெழுகைவிடக் கூடுதல் நாள் தாங்கும்.

கட்டியைப் பிசைந்து அலுத்தவர்கள் இப்போது கிளே மிட், கிளே டவல் வாங்குகிறார்கள். கையுறையிலோ துணியிலோ பாலிமர் ரப்பர் ஒட்டியது. வேலை பாதி நேரத்தில் முடியும், கீழே விழுந்தாலும் அலசி எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கியதை முதலில் கண்ணாடியில் சில நிமிடம் ஓட்டி மேல்படலத்தைப் போக்கிவிட்டுத்தான் பெயிண்டில் வைக்க வேண்டும். உயரமான வேனும் டபுள் கேப் பக்கியும் வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. கண்ணாடி ஓரம், கைப்பிடிக் குழி போன்ற இடுக்குகளுக்குக் கட்டிக் கிளேதான் வளைந்து கொடுக்கும்.

மிச்சமான கிளேயில் இரண்டு ஸ்பிரே லூப்ரிகண்ட் அடித்து, காற்றுப் புகாத சின்னப் பையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். டிக்கியில் போட்டால் வெயிலில் உருகிப் பையோடு ஒட்டிவிடும். அடுத்த தடவை எடுக்கும்போது விண்டு போனாலோ பிசையும்போது பொடிந்தாலோ அதைப் பெயிண்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். பொடியாமல், கறை மட்டும் ஏறிய பழைய துண்டை வீல் ரிம்மின் உட்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.